433 ஈரோஸ்: மோதாத ஒரு பெரிய சிறுகோளைப் பற்றியும் பேசுவோம்

தெற்குவானம்:
சிறுகோள் என்று யார் எழுதினாலும் அடியில் வரும் முதல் கேள்வி "எப்ப மோதும்?" என்பதுதான். அபோபிஸ் என்ற சிறுகோளைப் பற்றிய பேச்செல்லாம் அப்படியே போய் முடிகிறது. அந்தப் பயத்துக்கு வெளியே நின்று ஒரு சிறுகோளைப் பேச வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அதனால் இந்த இழை 433 ஈரோஸுக்கு.

1898 ஆகஸ்ட் 13 இரவு, பெர்லினின் உரானியா வானாய்வகத்தில் குஸ்தாவ் விட் எடுத்த புகைப்படத் தகட்டில் விண்மீன்கள் புள்ளிகளாக இருக்க, ஒன்று மட்டும் சிறு கோடாக இழுபட்டிருந்தது. அதே இரவு பிரான்ஸின் நீஸ் நகரில் ஒகுஸ்த் ஷார்லுவாவின் தகட்டிலும் அது பதிந்தது. பாதையைக் கணக்கிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. செவ்வாயின் பாதையைத் தாண்டி உள்ளே, பூமியின் பக்கமாக இவ்வளவு தூரம் வரும் சிறுகோளை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களை, அதாவது புவியண்மைச் சிறுகோள்களை எடுத்துக்கொண்டால், முதலில் அறியப்பட்டது இதுதான்.

அளவில் இதற்கு இரண்டாம் இடம். 1924-ல் வால்டர் பாடே கண்டுபிடித்த 1036 கனிமெட்தான் பெரியது (வியாழனின் நிலவு கனிமீடு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஈரோஸின் நீளம் 34 கி.மீ., குறுக்களவு 11 கி.மீ. நடுவில் லேசாக வளைந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு போல இருக்கும். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 5 மணி 16 நிமிடம். சூரியனைச் சுற்ற 643 நாள். சூரியனுக்குக் கிட்டே வரும்போது 17 கோடி கி.மீ., எட்டப் போகும்போது 26.7 கோடி கி.மீ. பூமியின் பாதைத் தளத்தோடு அதன் பாதை கிட்டத்தட்ட 11 பாகை சாய்ந்திருக்கிறது.

இந்தப் பாறை நமக்கு ஒரு ஆபத்தையும் தந்ததில்லை. ஆனால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதை வைத்துத்தான் அளந்தார்கள். ஆபத்துப் பட்டியலில் இல்லை என்பதால் இதை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

புதுவாசகன்:
அண்ணா, நீங்கள் வேண்டாம் என்று சொன்ன கேள்வியையே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 34 கி.மீ. என்றால் டைனோசர்களை அழித்ததாகச் சொல்லும் பாறையைவிடப் பெரிது அல்லவா? அது வராது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

தெற்குவானம்:
கோபம் எதற்குத் தம்பி, கேட்க வேண்டிய கேள்விதான். நான் வேண்டாம் என்றது அதோடு பேச்சு முடிந்துபோவதை.

ஆமாம், பெரிதுதான். டைனோசர் காலத்துப் பாறை சுமார் 10 கி.மீ. என்பார்கள். ஈரோஸை ஒரு கோளமாக உருட்டினால் 17 கி.மீ. விட்டம் வரும்.

இப்போது பாதையைப் பாருங்கள். அது சூரியனுக்கு மிகக் கிட்டே வரும் இடமே 17 கோடி கி.மீ. பூமி எப்போதும் 15.2 கோடிக்குள்தான் இருக்கிறது. அதாவது இப்போது இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளவே இல்லை. இப்படிப் பூமியின் பாதைக்கு வெளியிலேயே நின்றுவிடும் வகையை அமோர் வகை என்பார்கள், கனிமெட்டும் அதே வகை. ஈரோஸின் பாதைக்கும் பூமியின் பாதைக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த இடைவெளி ஏறத்தாழ 2.2 கோடி கி.மீ. நிலவின் தூரத்தைப் போல ஐம்பத்தெட்டு மடங்கு. ஆபத்தானவை என்று வகைப்படுத்த வேண்டுமானால் இந்த இடைவெளி 75 லட்சம் கி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

யாழ்முகில்:
இதில் ஒன்று சேர்க்க வேண்டும். "இப்போது" என்ற சொல் முக்கியம். செவ்வாயின் ஈர்ப்பு ஈரோஸின் பாதையை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே இருக்கிறது. 1996-ல் மிஷெல், பரினெல்லா, ஃப்ரோஷ்லே மூவரும் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். ஈரோஸின் பாதையைச் சிறிது சிறிதாக மாற்றி எட்டுப் பிரதிகள் எடுத்து, இருபது லட்சம் ஆண்டுகளுக்கு ஓடவிட்டார்கள். சில பிரதிகளின் பாதை பூமியின் பாதையை வெட்டும்படி மாறியது. ஒன்று பூமியில் மோதியும் விட்டது.

இதை எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு என்று படிக்கக் கூடாது. எட்டே பிரதிகளை வைத்து நிகழ்தகவு சொல்ல முடியாது. இப்படியும் நடக்க வழி இருக்கிறது என்று காட்டியதுதான் அந்தக் கட்டுரையின் பலன். அதுவும் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு. நம் பேரன் பேத்திகளுக்கு இதனால் ஒன்றும் இல்லை.

மாலா டீச்சர்:
நான் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். சூரியனின் தூரத்தை இதை வைத்து அளந்தார்கள் என்றீர்களே, அதை விரிவாகச் சொல்லுங்கள். சூரியனை அளக்க வேண்டுமானால் சூரியனைத்தானே பார்க்க வேண்டும்? எதற்கு ஒரு சிறுகோள்? மாணவர்களுக்குச் சொல்ல நல்ல பாடமாக இருக்கும் போலிருக்கிறது.

தெற்குவானம்:
டீச்சர், இந்தக் கேள்விக்காகத்தான் இழையையே தொடங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோள் சூரியனைச் சுற்ற எடுக்கும் காலத்தையும் அதன் தூரத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதி இருந்தால் சூரியக் குடும்பத்தின் வரைபடத்தை மிகச் சரியாகப் போட்டுவிடலாம். ஆனால் அதில் அளவுகோல் இருக்காது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 1 என்று வைத்தால், செவ்வாய் 1.52, வியாழன் 5.2 என்று விகிதங்கள் மட்டும் கிடைக்கும். அந்த 1 எத்தனை கிலோமீட்டர் என்பது தெரியாது. வரைபடத்தில் எங்காவது ஒரே ஒரு தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்துவிட்டால் போதும், மற்ற எல்லாம் தானாக வந்துவிடும்.

அளக்கும் வழி இடமாறு தோற்றம். பூமியில் தொலைவிலுள்ள இரண்டு இடங்களிலிருந்து ஒரே பொருளைப் பார்த்தால், பின்னணி விண்மீன்களுக்கு எதிரே அது சற்றே இடம் மாறித் தெரியும். அந்தக் கோணமும் இரண்டு இடங்களின் இடைவெளியும் தெரிந்தால் தூரம் வந்துவிடும். பாகையின் 3600-ல் ஒரு பங்கை விகலை என்போம். பூமியின் ஆரத்தை அடியாக வைத்தால் சூரியனுக்கு இந்தக் கோணம் 8.8 விகலைதான். அதோடு சூரியன் பக்கத்தில் விண்மீன்களே தெரியாது, எதை வைத்து ஒப்பிடுவது? வெள்ளி சூரியனைக் கடக்கும் நிகழ்வை நம்பினால் அது ஒரு நூற்றாண்டுக்கு இரண்டு முறை கூடச் சரியாகக் கிடைக்காது. விளிம்பு மங்கி, கடக்கும் நொடியைத் துல்லியமாகக் குறிக்கவும் முடியவில்லை. செவ்வாய் ஒரு வட்டமாகத் தெரிவதால் அதன் மையத்தைக் குறிப்பதில் பிழை வரும்.

ஈரோஸ் இந்த இரண்டு தொல்லையும் இல்லாதது. விண்மீனைப் போலவே வெறும் புள்ளியாகத் தெரியும், செவ்வாயைவிடக் கிட்டேயும் வரும். 1931 ஜனவரியில் அது 2.6 கோடி கி.மீ. தூரத்தில் வந்தபோது அதே கோணம் சுமார் 50 விகலை. கிட்டத்தட்ட ஆறு மடங்கு பெரிய கோணம்! ஒரே அளவு பிழையோடு அளந்தாலும் விடை ஆறு மடங்கு திருத்தமாக வரும்.

முதல் வாய்ப்பு 1900-01 குளிர்காலத்தில் வந்தது. பல நாட்டு வானாய்வகங்கள் சேர்ந்து படமெடுத்தன. கேம்பிரிட்ஜில் ஆர்தர் ஹிங்க்ஸ் அத்தனை அளவீடுகளையும் வாங்கிக் கணக்குப் போட்டு 1910-ல் சூரியனுக்கான கோணம் 8.807 விகலை என்றார். அடுத்தது 1930-31. இந்த முறை ஹெரால்ட் ஸ்பென்சர் ஜோன்ஸ் பொறுப்பேற்றார். உலகெங்கும் இருந்து மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவான தகடுகள் வந்தன. விடை 1941-ல்தான் வந்தது, 8.790 விகலை. பத்து ஆண்டுகள் கையால் போட்ட கணக்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்கள் மீது பெரிய மரியாதை வருகிறது.

யாழ்முகில்:
அதற்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும், கணித ஆசிரியர்களுக்கு அதுதான் இன்னும் சுவை.

1950-ல் யூஜின் ராபே ஈரோஸையே வைத்து வேறு வழியில் போனார். அவர் கோணமே அளக்கவில்லை. ஈரோஸ் பூமிக்கு அருகே வரும்போது பூமியின் ஈர்ப்பு அதன் பாதையை எவ்வளவு அசைக்கிறது என்று பார்த்தார். அந்த அசைவு பூமியின் நிறை சூரியனின் நிறையில் எத்தனையில் ஒரு பங்கு என்று சொல்லிவிடும், அதிலிருந்து சூரியனின் தூரம் வரும். அதைக் கோணமாக மாற்றினால் அவருக்குக் கிடைத்தது 8.798 விகலை.

கிலோமீட்டரில் மாற்றுங்கள். ஸ்பென்சர் ஜோன்ஸ் கணக்கில் சூரியன் 14 கோடியே 96 லட்சத்து 70 ஆயிரம் கி.மீ. ராபே கணக்கில் 14 கோடியே 95 லட்சத்து 30 ஆயிரம். இரண்டு பேரும் தங்கள் பிழை வரம்பு இந்த வித்தியாசத்தைவிடச் சிறியது என்றுதான் சொன்னார்கள். அதே சிறுகோள், இரண்டு நேர்மையான உழைப்பு, ஒத்துப்போகாத இரண்டு விடை. 1961-ல் வெள்ளிக் கோளுக்கு ரேடார் அலை அனுப்பி எதிரொலியை வாங்கியபோது 14 கோடியே 96 லட்சம் என்று வந்தது. இரண்டுக்கும் ஏறக்குறைய நட்டநடுவில்!

மாலா டீச்சர்:
அருமை. இந்த எண்களை அப்படியே கரும்பலகையில் எழுதப் போகிறேன். பிழை வரம்பு என்றால் என்ன என்று சொல்லித்தர இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்னொன்று கவனித்தேன். ஈரோஸ் மிக அருகே வந்த ஆண்டுகளைத் தேடிப் பார்த்தேன். 1894, 1931, 1975, 2012, அடுத்தது 2056. இடைவெளிகள் 37, 44, 37, 44. இது தற்செயலா?

தெற்குவானம்:
தற்செயல் இல்லை டீச்சர். ஈரோஸின் ஆண்டு 643.1 நாள், நம் ஆண்டில் 1.7607. அதை 21-ஆல் பெருக்குங்கள், 36.97 வரும். 25-ஆல் பெருக்கினால் 44.02. இரண்டையும் கூட்டி 46 சுற்று என்றால் 80.99, அதாவது 81 ஆண்டு ஏறக்குறையச் சுத்தமாக.

அது சூரியனுக்குக் கிட்டே வரும் இடம் பூமி ஜனவரி மாதத்தில் இருக்கும் திசையில் அமைந்திருக்கிறது. ஆகவே ஜனவரியில் பூமி அங்கே வரும்போது ஈரோஸும் அங்கே இருந்தால் நெருக்கம். முழு எண்ணுக்கு மிகக் கிட்டே வரும் பெருக்கங்கள் 37, 44 என்பதால் நெருக்கங்களும் அதே தாளத்தில் வருகின்றன. 1975 ஜனவரியில் 2.26 கோடி கி.மீ., 2012 ஜனவரி 31-ல் 2.67 கோடி, 2056 ஜனவரியில் மீண்டும் 2.24 கோடி.

1894-ல் வந்தபோது அதை யாருக்கும் தெரியாது, கண்டுபிடிக்க இன்னும் நாலு ஆண்டு இருந்தது. பிறகு ஹார்வர்டில் பழைய தகடுகளைப் புரட்டிய வில்லியமினா ஃபிளெமிங் அதில் ஈரோஸ் பதிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பாதையைத் திருத்தமாகக் கணக்கிட அந்தப் பழைய பதிவுகள் ரொம்பவே உதவின.

லேத்பட்டறை:
நான் இயந்திர வேலை பார்ப்பவன். எனக்குக் கோணமும் விகலையும் கொஞ்சம் தூரம்தான். அந்தப் பாறையைக் கையால் தொட்ட கதையைச் சொல்லுங்கள். நாசா விண்கலம் ஒன்று அதன் மேல் இறங்கியதாக எப்போதோ படித்திருக்கிறேன்.

யாழ்முகில்:
நியர் ஷூமேக்கர். 1996 பிப்ரவரி 17-ல் ஏவப்பட்டது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகம் நடத்தியது. ஒரு சிறுகோளைச் சுற்றிவந்த முதல் விண்கலம் அதுதான், சிறுகோள் மேல் முதலில் இறங்கியதும் அதுதான்.

அது கிட்டத்தட்டத் தொலைந்தே போயிருக்கும். 1998 டிசம்பர் 20-ல் ஈரோஸை அடைவதற்கான பெரிய எஞ்சின் எரிப்பு தொடங்கிய உடனே தானாக நின்றுவிட்டது. கலம் உருண்டது, ஒரு நாளுக்கும் மேல் தொடர்பே இல்லை, எரிபொருளும் நிறைய வீணானது. மீட்ட பிறகு சுற்றுப்பாதையில் நுழைய வழியில்லை. 3,800 கி.மீ. தூரத்தில் ஈரோஸைக் கடந்து போனது. அதோடு திட்டத்தை மூடிவிடவில்லை. சூரியனைச் சுற்றவிட்டு, ஓராண்டுக்கும் மேல் காத்திருந்து, 2000 பிப்ரவரி 14-ல் மீண்டும் பிடித்தார்கள்.

ஓராண்டு சுற்றிவந்து ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான படங்கள் எடுத்தது. எரிபொருள் தீரும் நேரத்தில், 2001 பிப்ரவரி 12-ல் மெல்லக் கீழே இறக்கினார்கள். அதற்குக் கால்கள் கிடையாது, இறங்குவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. நொடிக்கு ஒன்றரை மீட்டர் சொச்சம் வேகத்தில் தரையைத் தொட்டது. 120 மீட்டர் உயரத்திலிருந்து கடைசிப் படம். அத்தனைக்குப் பிறகும் அது வேலை செய்தது! தரையில் இருந்தபடி, பாறையில் என்னென்ன தனிமங்கள் என்று அறியும் காமா கதிர் நிறமாலைமானி இரண்டு வாரம் தரவு அனுப்பியது. பிப்ரவரி 28-ல் நிறுத்தினார்கள். இன்றும் அங்கேதான் கிடக்கிறது.

லேத்பட்டறை:
கால் இல்லாமல் இறங்கியும் நொறுங்கவில்லை என்றால் ஈர்ப்பு எவ்வளவு குறைவாக இருக்க வேண்டும்! அங்கே நின்றால் நான் எத்தனை கிலோ?

தெற்குவானம்:
கிலோ இல்லை, கிராம்! ஈர்ப்பு முடுக்கம் சுமார் 0.0059 மீ/வி². 60 கிலோ ஆள் ஒருவர் நம் தராசில் 36 கிராம் காட்டுவார். இங்கே அரை மீட்டர் குதிப்பவர் அங்கே அதே வேகத்தில் குதித்தால் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் போவார். திரும்பி வர இருபது நிமிடம்போல் ஆகும். அதற்குள் பாறை இருபது பாகைக்கு மேல் திரும்பியிருக்கும், கிளம்பிய இடத்தில் வந்து இறங்க முடியாது. விடுபடு வேகம் நொடிக்கு 10.3 மீட்டர்தான், மணிக்கு 37 கி.மீ. நல்ல பந்துவீச்சாளர் எறிந்தால் பந்து திரும்பியே வராது.

இதுவும் எல்லா இடத்திலும் ஒன்று இல்லை. நீளமான உருவம், அதுவும் வேகமாகச் சுற்றுகிறது. இரண்டு நுனிகளிலும் சுழற்சியின் வெளித்தள்ளல் ஈர்ப்பில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். "கீழே" என்ற திசையும் இடத்துக்கு இடம் மாறும். மேட்டிலிருந்து கல் எந்தப் பக்கம் உருளும் என்று படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, ஈர்ப்பு வரைபடம் வேண்டும்.

அச்சும் விசித்திரம். பாதைத் தளத்தில் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கிறது, சாய்வு 89 பாகை. அதனால் ஒரு துருவத்தில் மாதக்கணக்கில் பகல், மறு துருவத்தில் அதே அளவு இரவு.

கோவைச்சாரல்:
எல்லாரும் நடுவில் இருக்கும் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஈரோஸில் தங்கமும் பிளாட்டினமும் அலுமினியமும் இருப்பதாகவும், அதன் மதிப்பு லட்சம் கோடி டாலர் கணக்கில் என்றும் அந்தச் சமயத்திலேயே செய்திகள் வந்தன. தோண்டி எடுப்பதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். அறிவியல் மக்களுக்குப் பயன்பட வேண்டாமா?

யாழ்முகில்:
பயன்பட வேண்டும் என்பதில் உங்களோடு எனக்கு வேறுபாடே இல்லை. ஆனால் அந்தத் தொகை எப்படி வந்தது என்று பாருங்கள். ஈரோஸின் மொத்த நிறையை எடுத்து, பூமியில் விழுந்த விண்கற்களில் இருக்கும் உலோக விகிதத்தால் பெருக்கி, அன்றைய சந்தை விலையால் மறுபடி பெருக்கியது. நியர் கருவிகள் அங்கே தங்கத்தை அளக்கவே இல்லை. அவை அளந்தது மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், கால்சியம், இரும்பு, கந்தகம் போன்றவற்றை. கிடைத்த விகிதம் சாதாரணக் கான்ட்ரைட் எனப்படும் கல்வகை விண்கற்களோடு ஒத்துப்போனது. அது பெரும்பாலும் சிலிக்கேட் பாறை. கந்தகம் மட்டும் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. சூரியக் காற்றும் நுண்கல் மோதல்களும் மேற்பரப்பிலிருந்து அதை விரட்டியிருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

தோண்டுவதற்கு முன் அது எப்படிப்பட்ட உடம்பு என்று தெரிய வேண்டும். என் பார்வையில் அதுதான் நியர் தந்த பெரிய பதில். ஈரோஸின் அடர்த்தி நீரைப் போல 2.67 மடங்கு. அதே வகை விண்கற்கள் 3.3 பக்கம் இருக்கும். ஆக உள்ளே ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம். இதோகாவா போன்ற சிறு சிறுகோள்களில் 40 சதவீதம் வெற்றிடம், அவை வெறும் கல்குவியல். ஈரோஸ் விரிசல் விட்டிருக்கிறது, ஆனால் ஒரே துண்டு.

இன்னொரு சான்று மேற்பரப்பிலேயே இருக்கிறது. ஷூமேக்கர் என்று அழைக்கப்படும் 7.6 கி.மீ. குழியைச் சுற்றியுள்ள பகுதியில் அரைக் கிலோமீட்டருக்குச் சிறிய குழிகள் பெருமளவு அழிந்து போயிருக்கின்றன. அந்த மோதலின் அதிர்வு பாறையின் உள்ளே பாய்ந்து மேற்பரப்பைக் குலுக்கிச் சிறு குழிகளை மூடிவிட்டது என்று 2005-ல் தாமஸ், ராபின்சன் இருவரும் காட்டினார்கள். கல்குவியல் என்றால் அதிர்வு அப்படிக் கடந்து போகாது. பெரிய பாறைக்கற்களில் பெரும்பாலானவையும் அதே மோதலில் சிதறியவைதான்.

கோவைச்சாரல்:
சரி, இது எனக்குப் புதுத் தகவல். அப்படியென்றால் ஒரு நாள் இப்படிப்பட்ட ஒன்றைத் தள்ளிவிட வேண்டிய நிலை வந்தால், கல்குவியலா ஒரே துண்டா என்பது தெரிந்திருப்பது பயன்தானே?

யாழ்முகில்:
நிச்சயமாக. ஆனால் ஈரோஸ் அளவுக்குத் தள்ளும் ஆற்றல் இன்று யாரிடமும் இல்லை. அதன் நிறை 6.7 லட்சம் கோடி டன். 2022-ல் டார்ட் விண்கலம் மோதி அசைத்த டைமார்போஸ் 160 மீட்டர்தான்.

புதுவாசகன்:
படிக்கப் படிக்க எனக்கு ஆசை வந்துவிட்டது. குழிகளுக்குக் காதலர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் பார்த்தேன், லைலாவும் மஜ்னுவும் இருக்கிறார்கள். அண்ணா, இதை நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா?

தெற்குவானம்:
வெறும் கண்ணுக்குத் தெரியாது தம்பி. மிக நெருங்கிய 1975-லேயே ஒளியளவு 7 பக்கம்தான் வந்தது (இந்த எண் கூடக் கூட மங்கல், வெறும் கண்ணுக்கு 6 வரைதான்). சாதாரணமாக எதிர்நிலைக்கு, அதாவது நம் வானத்தில் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்துக்கு, வரும்போது சிறு தொலைநோக்கி வேண்டும். அப்படி வருவது இரண்டேகால் ஆண்டுக்கு ஒருமுறை சொச்சம், ஆனால் ஒவ்வொரு முறையும் தூரம் வேறுபடும்.

புள்ளியாகத்தான் தெரியும் என்று ஏமாற வேண்டாம். அந்தப் புள்ளியை வைத்தே உருவத்தைக் கண்டுபிடித்தார்கள். 1901-ல் எகோன் ஃபான் ஒப்போல்சர் அதன் வெளிச்சம் சில மணி நேரத்திலேயே கூடிக் குறைவதைக் கவனித்தார். நீளமான பக்கம் காட்டும்போது பிரகாசம், நுனி காட்டும்போது மங்கல். ஒரு சுற்றில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். சில ஆண்டுகளில் இந்த வித்தியாசம் நாலு மடங்கு வெளிச்சம் வரை போகும், துருவம் நம் பக்கம் திரும்பியிருக்கும் ஆண்டில் கிட்டத்தட்ட மாறாமலே நிற்கும்.

நீங்களே செய்யலாம். கேமரா பொருத்திய தொலைநோக்கியில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம், ஐந்தரை மணி நேரம். ஒவ்வொரு படத்திலும் ஈரோஸின் வெளிச்சத்தைப் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு நேரத்துக்கு எதிரே குறியுங்கள். ஒப்பிட எடுக்கும் விண்மீன் தானே ஒளி மாறுவதாக இருந்துவிடக் கூடாது, அதனால் குறைந்தது மூன்றையாவது எடுங்கள். அடுத்த இரவும் எடுத்தால், சுழற்சி நேரத்தை இன்னும் திருத்தமாகப் பிடிக்கலாம்.

மாலா டீச்சர்:
எங்கள் பள்ளியில் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று சும்மா இருக்கிறது. கேமரா இணைப்பு மட்டும் இல்லை. இதற்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள், அடுத்த எதிர்நிலைக்குள் ஏற்பாடு செய்துவிடுகிறேன்.

லேத்பட்டறை:
டீச்சர், கண்ணருகு வில்லைக் குழாயின் உள்விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்து அனுப்புங்கள். இணைப்பு வளையத்தை நான் கடைந்து தருகிறேன்.